செருமிவிட்டு நுழைகிற வீடு

அந்த வீட்டில் யாரும் ஓர் அறைக்குள் சும்மா நுழைந்துவிட மாட்டார்கள். வாசலுக்கு இரண்டடி முன்னாலேயே ஒரு செருமல். பெரிதாக இல்லை, தொண்டையில் ஏதோ சிக்கியது போல லேசாக. அப்புறம் ஒரு மூச்சு விடுகிற நேரம் நிற்பது. அதற்குப் பிறகுதான் கால் உள்ளே போகும். மகள் கல்யாணமாகிப் போன இடத்திலும் கொஞ்ச காலம் இப்படியே செருமிக்கொண்டு திரிந்தாளாம். மாமியார் பயந்துபோய், பெண்ணுக்கு நெஞ்சைப் படமெடுத்துப் பார்க்கலாமா என்று மகனிடம் கேட்டாராம்.

செருமல் மட்டுமில்லை. கதவு நிலையில் முட்டுகிற இடமெல்லாம் கம்பளித் துணியை மடித்து ஒட்டியிருந்தது. நாற்காலிக் கால்கள் ஒவ்வொன்றுக்கும் ரெக்ஸினில் தைத்த சின்னச் செருப்பு. பாத்திரம் அடுக்குகிற தட்டுகளில் ஃபோம் விரித்திருந்தது. அழைப்பு மணியின் கம்பியைப் பிடுங்கிச் சுவரோடு செருகி வைத்திருந்தார்கள். குக்கர் என்ற சாமானே அந்த வீட்டில் கிடையாது. எல்லாம் திறந்த பாத்திரத்தில்தான், வேகிறபோது வேகட்டும் என்று. மிக்ஸி ஓடுவது வீட்டுக்காரர் வேலைக்குப் போன பிறகு.

இத்தனையும் செய்தது அந்த வீட்டுக்காரி. சோபாவுக்கும் நாற்காலிக்கும் பஸ் இருக்கைக்கும் மெத்தை வைத்துத் தைக்கிற கடையில் அவளுக்கு வேலை. கடையில் எல்லாருக்கும் அவள் குஷனக்கா. ஃபோமை நீளக் கத்தியால் ஒரே இழுப்பில் அறுப்பாள். ஓரத்தில் ஓடுகிற பைப்பிங் தையல் அவள் கை பட்டால் வளையாது, சுருங்காது. கடை நாள் முழுக்க அதிர்ந்துகொண்டே இருக்கும். காற்றில் அடிக்கிற ஸ்டேப்ளர் ரெக்ஸினை மரத்தோடு வைத்து டப் டப் டப் என்று அறையும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து அவள் தன் வீட்டுக்குச் சத்தமில்லாத துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பாள்.

"குஷனக்கா, உங்க வீட்ல எத்தன சோபாக்கா?" என்று முதலாளி ஒரு நாள் கேட்டார். "தினமும் ஒரு பை வெட்டுத் துணி போகுது."

"சோபாவே இல்லண்ணே. வீட்டுக்கே ஒறை தச்சிட்டிருக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். உண்மையைச் சொன்னால்தான் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். சண்டை நடந்த இடத்தில் இருந்தார், முன்னால் போன வண்டி வெடித்தது, இவர் பின்வண்டியில் இருந்தார், உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. வந்த பிறகு ஒரு நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற வேலை கிடைத்தது. ஊரிலேயே சத்தம் போட்டால் முறைக்கிற ஒரே இடம். அங்கே அவரை மிலிட்டரி என்று கூப்பிடுவார்கள், அதையும் மெதுவாகத்தான்.

நல்ல மனிதர். குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை. கிழிந்த புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து முதுகு ஒட்டிக்கொண்டிருப்பார். எந்த அறையிலும் அவர் நாற்காலி சுவரை ஒட்டி, கதவைப் பார்த்தபடிதான் இருக்கும். "செல பேருக்கு ஜன்னலோரம் பிடிக்கும், எனக்குச் சுவரோரம் பிடிக்கும்" என்பார். தனி அறையில் படுத்துக்கொள்வார். அதற்கு முதுகுவலி என்று பெயர். தனக்கு ஒரு குறையும் இல்லை என்று அவர் நம்பினார். கூடச் சண்டைக்குப் போனவர்களில் தூக்கம் கெட்டவர்கள், குடியில் விழுந்தவர்கள், குடும்பத்தை விட்டு ஓடியவர்கள் எல்லாரையும் நினைத்துப் பார்த்து, "நான் தப்பிச்சேன்" என்று சொல்வார். அது பெருமையாக இல்லாமல் நன்றியாகத்தான் வரும்.

அவருக்கு இருந்த ஒரே கவலை வீட்டில் இருக்கிறவர்களின் நெஞ்சுச் சளி. சம்பளம் வந்ததும் இருமல் மருந்து வாங்கி வந்துவிடுவார்.

"அந்தப் பஞ்சுத் தூசில உக்காந்து உக்காந்து இப்படி ஆயிட்ட. மூக்குல துணி கட்டிக்கன்னா கேக்கறியா?"

"கட்டிக்கறேங்க."

"பாப்பாவுக்கும் வந்துருச்சு பாரு. தாயப் போலயே."

அவள் மருந்தை வாங்கி அலமாரியில் வைப்பாள்.

*

மகளுக்கு ஏழு வயதாயிருந்தபோது ஒரு விடுமுறை நாள் பிற்பகல். அவர் தரையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பா பூனை போலப் பின்னால் வந்து இரண்டு கையாலும் அப்பாவின் கண்ணைப் பொத்தினாள். அடுப்படி வாசலில் நின்ற அம்மா அதைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் பாப்பா எதிர்ச் சுவரோரம் கிடந்தாள். ஒரு கை அவளுக்கு அடியில் மாட்டியிருந்தது, கை மடங்கக் கூடாத விதத்தில்.

அவர் மூலையில் போய் நின்றிருந்தார். முதுகு சுவரோடு ஒட்டியிருந்தது, கண் திறந்திருந்தது, ஆனால் அந்த அறையில் இருந்த எதையும் அது பார்க்கவில்லை. மெல்ல மெல்ல அவர் முகத்துக்கு அவர் திரும்பி வந்தார்.

"என்னாச்சு? பாப்பாவுக்கு என்னாச்சு?"

அவர் நடிக்கவில்லை. அது அம்மாவுக்கு அந்த நொடியே தெரிந்துபோயிற்று. நடந்தது எதுவும் அவரிடம் இல்லை.

"என்னங்க, கட்டில்ல இருந்து விழுந்துட்டா."

அவள் யோசித்துச் சொன்னதல்ல, வாய் தானாகச் சொன்னது. அழுதுகொண்டிருந்த பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவர் குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினார். நல்லாயிருந்த கையால் பாப்பா வழி முழுக்க அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு போனாள்.

கம்பளித் துணி வீட்டுக்குள் வர ஆரம்பித்தது அதன் பிறகுதான். செருமலும். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. அம்மா செருமினாள், மகள் பார்த்துக் கற்றுக்கொண்டாள். கட்டில் கதையை அவர்கள் இருவரும் தங்களுக்குள்கூட எடுத்ததில்லை.

*

மகளுக்குக் குழந்தை பிறந்தது. பிரசவ விடுப்பு முடிகிற நேரமும் வந்தது. அம்மா போன் போட்டாள்.

"நான் கடையில சொல்லிட்டேன்டி. நீ காலையில குழந்தையக் கொண்டாந்து விட்டுட்டு வேலைக்குப் போ. சாயங்காலம் வந்து எடுத்துக்க."

"வேணாம்மா. இங்கயே பக்கத்துல ஒரு ஆயா சொல்லி வச்சிருக்கோம்."

"ஆயாவா? நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், ஆயா எதுக்குடி?"

"அம்மா..."

"அப்பா தொட்டில் வாங்கி வச்சுட்டு அதையே தொடச்சிட்டிருக்காரு. ஆஸ்பத்திரியில பாத்ததோட சரி. அப்பவும் நீ கையில குடுக்கல. என்ன குறை வச்சிட்டோம்னு என்கிட்ட தினம் கேக்கறாரு. நான் என்னத்தச் சொல்ல?"

மறுமுனையில் குழந்தை சிணுங்குவது கேட்டது.

"அம்மா, அதுக்குச் செருமிட்டு அழத் தெரியாதும்மா."

அவள் போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். மகள் எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. உள்ளே அவர் தொட்டில் கம்பியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதே வாரத்தில்தான் நெட்டை வந்தான். அவர் கூடப் பட்டாளத்தில் இருந்தவன். தெருமுனையிலேயே வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவான், அவனுக்கே அந்தச் சத்தம் ஆகாது. ஆனால் அவன் அதை மறைக்கிறவன் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறான், மாத்திரை சாப்பிடுகிறான், ஊருக்கே சொல்லிக்கொண்டு திரிகிறான்.

"டேய் மச்சான், எங்க டாக்டரம்மா ஒரு ஆராய்ச்சி பண்றாங்க. சண்டைக்குப் போய்ட்டு வந்தவங்க மூளைய படம் புடிக்கறாங்க. என்னமாதிரி மரை கழண்ட கேசு தேவைக்கு மேலயே கெடைச்சிருச்சு. சண்டையும் பாத்துட்டு நல்லாவும் இருக்கறவந்தான் கெடைக்க மாட்டேங்குறான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணுமாம். உன்ன விட்டா யாருடா?"

"நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது, அதான் வேலையே. ஒரு கொழாய்க்குள்ள படுத்துட்டு சும்மா இருக்கணும். நீதான் சும்மா இருக்கறதுல சூரனாச்சே."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

"என்ன தங்கச்சி, அனுப்பலாமா உங்க வீட்டுக்காரர?" என்று நெட்டை அவளிடம் கேட்டான். அவள் டீ டம்ளரைத் துணி விரித்த தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். "நானும் வரேண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

*

டாக்டரம்மா நடுத்தர வயதுக்காரி. அவசரப்படாமல் பேசினாள். மேசையில் பிளாஸ்டிக் மூளை ஒன்று துண்டு துண்டாகக் கழற்றுகிற மாதிரி இருந்தது. ஒரு துண்டை எடுத்து அதன் அடியில் பாதாம்பருப்பு அளவுக்கு இருந்த இடத்தைக் காட்டினாள்.

"இது ஆபத்து ஆபத்துன்னு கத்தற இடம். யோசிக்காது, கத்தும். அது அதோட வேலை." பிறகு முன்நெற்றிப் பக்கத்தைத் தொட்டாள். "இது, 'இரு இரு, அது கதவு, வெடி இல்ல'ன்னு சொல்ற இடம். ரெண்டுக்கும் நடுவுல போக்குவரத்து இருக்கு. சண்டையில அடிபட்ட மனசுக்காரங்க நெறைய பேருக்கு அந்தப் போக்குவரத்து மாறிப்போகுது. முன்னால இருக்கறது சொல்றது கீழ போய்ச் சேர்றதில்ல. கீழ இருக்கறது கத்திட்டே இருக்கு. நீங்க சும்மா படுத்திருக்கும்போது எந்த இடம் எந்த இடத்தோட பேசிக்குதுன்னு படம் எடுப்போம்."

"வலிக்குமா?"

"வலிக்காது."

அவர் அந்தப் பிளாஸ்டிக் துண்டை வாங்கி, புத்தகத்தை அடுக்குவது போலக் கவனமாக இருந்த இடத்திலேயே வைத்தார்.

கேள்விகளை அவரிடம் தனியாகக் கேட்டார்கள், அவளிடம் தனியாக. திடீரென்று சத்தம் கேட்டால் தூக்கிவாரிப்போடுமா என்று கேட்டதற்கு அவர் இல்லை என்றார். அது உண்மைதான். அவர் காதுக்குத் திடீரென்று ஒரு சத்தம் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

அவளிடமும் அதையே கேட்டாள் டாக்டரம்மா.

"இல்லைங்க."

"யாராவது பின்னால திடீர்னு வந்து நின்னா?"

"அப்படி யாரும் வரமாட்டாங்க."

"வந்தா?"

"வரமாட்டாங்கம்மா."

அவள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். டாக்டரம்மா அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு, எழுதிக்கொண்டாள்.

வெளியே நெட்டை பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். "என்னடா, பாஸா?"

"பாஸ்" என்றார் அவர். சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்.

உடுப்பு மாற்ற அவரை ஒரு திரைக்குப் பின்னால் அனுப்பினார்கள். படமெடுக்கும் அறை ஊழியர் ஒருவர் சாவி, கைக்கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வாங்கிக்கொண்டு சொன்னார்: "உள்ள சத்தம் ஜாஸ்தியா இருக்கும் சார். பட்டறையில சம்மட்டி அடிக்கற மாதிரி. திடீர் திடீர்னு மாறும். காதுல அடைப்பான் வச்சிடுவோம். ஆடக்கூடாது, அவ்ளோதான்."

திரைக்குள்ளிருந்து, "சரி" என்று அவர் குரல் வந்தது.

ஊழியர் நடைவழியில் திரும்பியபோது அவள் பின்னாலேயே போனாள்.

"தம்பி, அந்தச் சத்தத்தக் கொஞ்சம் கொறச்சு வைக்க முடியுமா?"

"அது ரேடியோ இல்லம்மா."

"இல்ல, எங்க முட்டிச் சத்தம் வருதோ அந்த எடத்துல வேணா நான் ஒட்டிக் குடுத்துடறேன். கையிலயே இருக்கு."

சொன்னதோடு நில்லாமல் பையைத் திறந்து கம்பளித் துண்டையும் எடுத்துவிட்டாள். பசைக் குப்பியும் கத்தரிக்கோலும் கூட இருந்தன. ஊழியர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். கோப்போடு அந்தப் பக்கம் வந்த டாக்டரம்மாவும் நின்றாள்.

"பையில கம்பளி எதுக்கும்மா?"

அவள் துண்டைத் திரும்பப் பைக்குள் திணித்தாள்.

டாக்டரம்மா அவளை ஓரமாக உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வீட்ல எங்கெங்க ஒட்டியிருக்கீங்க?"

கதவு நிலையில் என்றாள். அப்புறம் நாற்காலிக் காலில். அப்புறம் பாத்திரத் தட்டில், ஜன்னல் கொக்கியில், பீரோ மூடுகிற இடத்தில். குளியலறை வாளியின் அடியில். குக்கரைச் சொன்னாள், மிக்ஸியைச் சொன்னாள், மணியைச் சொன்னாள். ஒவ்வொன்றாகச் செய்தபோது ஒவ்வொன்றும் சின்ன விஷயமாகத்தான் இருந்தது. ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னபோது அவளுக்கே அந்த வீட்டுக்குள் மூச்சு முட்டியது. கடைசியாகச் செருமலைச் சொன்னாள். அதற்குப் பிறகு கட்டில் கதையைச் சொன்னாள்.

டாக்டரம்மா குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் சொன்னாள்: "இவர நான் நல்லா இருக்கறவங்க கூடச் சேத்துட்டா என் ஆராய்ச்சி தப்பாப் போகும். அது என் கஷ்டம், விடுங்க. இவருக்கு வைத்தியமே கெடைக்காமப் போயிடும். அதுதான் எனக்கு உறுத்துது."

"படத்துல தெரிஞ்சிடுமில்லம்மா? படத்தப் பாத்து நீங்களே அவர்கிட்டச் சொல்லிடுங்களேன்." கெஞ்சுகிற குரல் அவளுக்கு. "நான் சொன்னதா இருக்க வேணாம்."

"ஒரு ஆளோட படத்த வச்சு அப்படிச் சொல்ல முடியாதும்மா. நெறைய பேரோடத ஒண்ணாச் சேத்துப் பாத்தாத்தான் ஒரு சாயல் தெரியும். படம் யாரையும் காட்டிக் குடுக்காது. வீட்ல இருக்கறவங்கதான் வாயத் திறக்கணும்."

அவள் எழுந்து திரைக்கு முன்னால் போய் நின்றாள். செருமினாள். ஒரு மூச்சு நேரம் காத்திருந்தாள்.

"வா" என்றார் அவர். ஆஸ்பத்திரிப் பச்சை அங்கியில் அவர் இளைத்துத் தெரிந்தார். "இந்த ஏசியில வந்து நிக்காத, உனக்கு ஒத்துக்காது."

"என்னங்க, எனக்குச் சளி இல்லங்க."

"என்ன?"

"எனக்கு எப்பவுமே சளி இருந்ததில்ல. பாப்பாவுக்கும் இல்ல."

அவருக்கு விளங்கவில்லை. அவள் விளங்கவைத்தாள். நின்றபடியே, திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிற்பகலைச் சொன்னாள். பேப்பர் பார்த்துக்கொண்டிருந்ததை, பாப்பா பூனை போல வந்ததை, எதிர்ச் சுவரை. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் திரையின் மடிப்புத் தையலையே பார்த்தாள். மோசமான தையல். நூல் விட்டுப்போயிருந்தது.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தன் இரண்டு கையையும் மடியில் வைத்து, வேறு யாரோ வைத்துவிட்டுப்போன சாமானைப் பார்ப்பது போல அவற்றைப் பார்த்தார்.

"அப்ப கட்டில்ல இருந்து..."

"விழலங்க."

"நான் தூக்கிட்டு ஓடும்போது என் கழுத்தக் கட்டிக்கிட்டா. அப்பா மேல எவ்ளோ நம்பிக்கைன்னு நெனச்சேன்."

"நம்பிக்கைதாங்க அது. வேற என்ன?"

 வெளியே யாரோ தள்ளுவண்டி ஒன்றை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தத்துக்கு அவர் தோள் குலுங்கியது. முதன்முதலாகத் தன் தோள் குலுங்குவதை அவரே பார்த்தார்.

"நான் வாங்கிட்டு வந்த மருந்தையெல்லாம் என்ன பண்ணுன?"

"கீழ ஊத்திட்டேன்." பிறகு, பொய் போதும் என்று தோன்றி, "கொஞ்சம் குடிச்சேன். இனிப்பா நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் உடைந்து, அவர் முகத்தை அங்கியில் புதைத்துக்கொண்டார். அவள் பக்கத்தில் போனாள். தோளைத் தொடுவதற்கு முன் செரும வாய் திறந்தாள், செருமாமலே தொட்டாள். அவள் பக்கத்தில் வந்தது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. தட்டிவிடவில்லை.

வெளியே வந்து டாக்டரம்மாவிடம் அவரே சொன்னார். "என்ன நெட்டை இருக்கற பக்கத்துல சேத்துக்குங்கம்மா."

நெட்டை இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். கேலிக்கு வாயெடுத்தவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "என்னடா மச்சான், பாஸாயிட்டு எங்க கிளாசுக்கே வந்துட்ட?"

"எடம் இருக்கா?"

"உனக்கு இல்லாத எடமாடா. உக்காரு."

*

முதல் தடவை குழாய்க்குள்ளே போய்ச் சத்தம் தொடங்கியதுமே, நிறுத்தச் சொல்வதற்காகக் கையில் கொடுத்திருந்த ரப்பர் உருண்டையை அவர் அமுக்கிவிட்டார். வெளியே இழுத்தபோது அங்கி வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. இன்னொரு நாள் வரச்சொன்னார்கள். அந்த முறை முழுதும் படுத்திருந்தார். மூடிய கதவுக்கு வெளியே அவளுக்கு அந்தச் சம்மட்டி அடி கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சுவர் முழுக்க மெத்தை வைத்துத் தைத்துவிடலாம் போலக் கை பரபரத்தது. கையை மடக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

படத்தில் என்ன இருந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. எல்லார் படமும் சேர்ந்த பிறகுதான் ஏதாவது சொல்லமுடியும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தாள். ஆனால் வைத்தியம் தொடங்கிற்று. வாரா வாரம் போனார். அந்த வெடித்த வண்டியைப் பற்றி அங்கே பேசினார் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்தால் வெளுத்த முகத்தோடு படுத்துக்கொள்வார். வீட்டில் செய்ய ஒரு பயிற்சியும் கொடுத்திருந்தார்கள். சத்தம் கேட்டதும் அது என்ன என்று வாய்விட்டுப் பெயர் சொல்லவேண்டும். எங்கே இருக்கிறோம் என்றும் சொல்லவேண்டும். "முன்நெத்திக்குப் பேசக் கத்துக்குடுக்கறோம்" என்றாளாம் டாக்டரம்மா. "கீழ இருக்கறது கத்தத்தான் செய்யும். மெதுவா அதுக்குக் காது வரும்."

அவள் கடையிலிருந்து ஸ்டேப்பிள் பிடுங்குகிற குறடு ஒன்றைக் கொண்டுவந்தாள். ஒட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாக, அவரிடம் சொல்லிவிட்டு, உரித்தாள். முதலில் நாற்காலிச் செருப்பு. அவள் நாற்காலியை இழுத்தாள், அது தரையில் கீச்சிட்டது. அவர் கண்ணை இறுக்கித் திறந்து, "நாற்காலி" என்றார். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. "வீட்ல இருக்கேன்."

எல்லா நாளும் இப்படி இல்லை. ஒரு நாள் தட்டு கைதவறி விழுந்தபோது அவர் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒடுங்கிவிட்டார். அவள் பக்கத்தில் போனதும், ஒருபோதும் சொல்லாத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினார். அப்புறம் வெட்கத்தில் சாப்பிடவில்லை, வேலைக்கும் போகவில்லை. தொட்டிலைக் கழற்றிப் பரணில் போட்டுவிடு என்றார். அவள் கேட்காதது போல இருந்துவிட்டாள். உரித்த கம்பளியை மறுபடி ஒட்டிவிடலாமா என்று அவளுக்கும் தோன்றாமல் இல்லை. பசைக் குப்பியைக் கையில் எடுத்தாள், மூடியைத் திறந்தாள், மூடினாள்.

அந்த வாரக் கடைசியில் அவர் மகளுக்குப் போன் போட்டுக் கொடுக்கச் சொன்னார்.

"பாப்பா. கட்டில் இல்லன்னு அம்மா சொல்லிட்டா."

 மகளின் குரல், ஏழு வயதுக் குரல் போல, "வலிக்கலப்பா" என்றது.

"பொய் சொல்லாத. நம்ம வீட்ல அது போதும்."

*

மகள் ஒரு காலையில் வந்தாள். ஒரு தோளில் குழந்தை, மறு தோளில் பெரிய பை. "கொஞ்ச நேரம்தாம்மா. உடனே கெளம்பணும்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். பை தோளிலேயே இருந்தது. உள்ளறை வாசலுக்கு இரண்டடி முன்னால் அவள் கால் தானாக நின்றது. செருமினாள்.

"செரும வேணாம்" என்றார் அவர் உள்ளேயிருந்து. "வா."

அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அது இன்னும் சுவரோரம்தான். அம்மா அடுப்படி வாசலில் நின்றாள், அன்றைக்கு நின்ற அதே இடம். அவளுக்கு அது நினைவு வந்ததும் கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது. நிலை வெறும் மரமாக இருந்தது.

குழந்தை புது முகத்தைப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கியது. அப்புறம், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், வீடே அதிர வீறிட்டது.

அவர் உடம்பு நாற்காலியில் ஒரு தரம் தூக்கிப்போட்டது. இரண்டு கையும் நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிற்று, விரல் முட்டியெல்லாம் வெளுத்தது. மகள் அதற்குள் உடம்பைத் திருப்பிவிட்டாள், குழந்தைக்கும் அவருக்கும் நடுவில் தன் முதுகு வருமாறு. அவர் கண்ணை மூடினார். அம்மாவுக்குத் தன் மூச்சு எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் கண்ணைத் திறந்தார்.

"குழந்தை" என்றார். குரல் கரகரத்தது. "பாப்பாவோட குழந்தை. வீட்ல இருக்கேன்."

குழந்தை நிறுத்தவில்லை. அவர் கழுத்து வழியாக வேர்வை இறங்கியது. அவர் எழுந்திருக்கவில்லை, கையையும் நீட்டவில்லை.

"நீயே வச்சிக்கம்மா" என்றார் மகளிடம். "அழட்டும். நான் கேட்டுட்டிருக்கேன்."

மகள் மெல்லத் திரும்பினாள். அப்பாவின் கைகளைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி கைகளைப் பார்த்தாள். அவை கைப்பிடியை விட்டு நகரவே இல்லை. குழந்தை அழுது அழுது விக்கலுக்கு வந்தது. அவள் அப்படியே நின்றாள். போவதா இருப்பதா என்று அவள் தோள் யோசிப்பது வெளியே தெரிந்தது. பிறகு தோளைச் சாய்த்து, பையை நழுவவிட்டுத் தரையில் வைத்தாள். உள்ளே இருந்த பால் புட்டியும் டப்பாவும் மோதி ணங்கென்றது.

"பை" என்றார் அவர்.